மனுஷங்க வேட்டையாடுற தரைக்கூட்டுப் பறவைங்க முட்டையை நரி, காக்காகிட்ட இருந்து காப்பாத்துறது எப்படி

கௌதாரி, காடை, பார்ட்ரிட்ஜ் (கௌதாரி மாதிரியே ஒரு பறவை), காட்டு வான்கோழி, மல்லார்ட் வாத்து இதெல்லாம் தரையிலயே முட்டை போட்டு தரையிலயே அடைகாக்குற பறவைங்க, மேல இருந்து காக்கா பாக்கும், பக்கத்துல நரி மோப்பம் பிடிக்கும், புல்லுக்குள்ள பாம்பு வரும், எல்லாப் பக்கமும் ஆபத்துதான். நிலம் வெச்சிருக்கிறவங்க, ஐயோ பறவை குறைஞ்சு போச்சேன்னு யோசிக்க ஆரம்பிச்சதும் கேக்குற முதல் கேள்வி "எந்தப் பொறி வாங்கலாம்?" பொறி வேலை செய்யும், அதுக்கு ஆதாரமும் இருக்கு, பின்னாடி சொல்றேன். ஆனா வரிசையில அது நாலாவதோ அஞ்சாவதோ தான் வரணும். முன்னாடி செய்யவேண்டியதைச் செய்யாம பொறியை மட்டும் வெச்சா, வருஷா வருஷம் வெச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு வருஷம் விட்டா பழைய கதைதான்.

மொதல்ல கூட்டுக் கணக்கைப் புரிஞ்சுக்கோங்க. வட அமெரிக்காவுல பாப்வைட்னு ஒரு காடை, அது ஒரு அடைக்கு 12ல இருந்து 16 முட்டை போடும். நாளைக்கு ஒண்ணுன்னு போட்டாலே ரெண்டு வாரம் ஓடிடும், அதுக்கப்புறம் 23 நாள் அடை. ஆக அஞ்சு வாரத்துக்கும் மேல அந்த முட்டைங்க ஒரே குழியில யாரு கண்ணுலயும் படாம இருக்கணும். சாதாரணமா மூணு கூட்டுல ஒண்ணுதான் பொரிக்கும். கேக்க பகீர்னு இருக்கும், ஆனா இந்தப் பறவைங்க இதுக்குத் தயாராவே பிறந்ததுங்க, ஒரு கூடு போச்சுன்னா இன்னொண்ணு கட்டும், அதுவும் போச்சுன்னா மறுபடியும் கட்டும், சில கூட்டுல ஆண் பறவையே உக்காந்து அடைகாக்கும். மல்லார்ட் வாத்துல 15 சதவீதம் கூடு பொரிச்சாலே எண்ணிக்கை குறையாம நிக்கும்னு ஆராய்ச்சியாளருங்க கணக்கு சொல்லியிருக்காங்க. அதனால ஒரு முட்டைகூட போகக்கூடாதுன்னு கிளம்பாதீங்க, அது நடக்காது, நடக்கவும் தேவையில்ல. நூத்துக்கு முப்பது பொரிக்கிற இடத்துல நாப்பத்தஞ்சு பொரிச்சா போதும், மீதியை பறவை பாத்துக்கும்.

இன்னொரு விஷயத்தையும் மனசுல வெச்சுக்கணும். பாப்வைட் 1966ல இருந்து 80 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சிருச்சு, பிரிட்டன்ல கிரே பார்ட்ரிட்ஜ் 90 சதவீதத்துக்கும் மேல போயிடுச்சு. நரியும் காக்காவும் அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. மாறினது நிலம்தான், வரப்பை அழிச்சாங்க, களைக்கொல்லி அடிச்சாங்க, களை போனதும் அதை நம்பியிருந்த பூச்சி போச்சு, ஒளியறதுக்கு இருந்த புல் போச்சு. ஒளிய இடம் இல்லாம நிக்கிற பறவையைத்தான் நரி சுலபமா முடிச்சு விடுது.

சரி, வேலைக்கு வருவோம்.

திருடன் யாருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஊர்ல எல்லாரும் நரின்னுதான் சொல்லுவாங்க, கேமரா வெச்சுப் பாத்தா பாதி நேரம் பாம்பா இருக்கும், இல்ல நாம சந்தேகமே படாத ஏதோ ஒண்ணா இருக்கும். ஸ்காட்லாந்து பக்கத்துல சவுத் யூயிஸ்ட் தீவுல 1974ல தோட்டத்து நத்தையை ஒழிக்கறதுக்காக முள்ளெலியைக் கொண்டுவந்து விட்டாங்க, அது பெருகிப்போயி கடைசியில உள்ளான் மாதிரி தரைக்கூட்டுப் பறவைங்க முட்டையைத் தின்னு தீர்க்க ஆரம்பிச்சிருச்சு. யாராவது முள்ளெலி மேல சந்தேகப்படுவாங்களா சொல்லுங்க.

காலியான கூட்டைப் பாத்தா கொஞ்சம் துப்பு கிடைக்கும். முட்டை நல்லபடியா பொரிச்சிருந்தா ஓட்டோட அகலமான முனை மூடி மாதிரி வட்டமா வெட்டுப்பட்டிருக்கும், குஞ்சு உள்ளயிருந்து சுத்திச் சுத்திக் கொத்தின விளிம்பு சின்னச் சின்னப் பல்லு மாதிரி தெரியும், சில சமயம் அந்த மூடி ஓட்டுக்குள்ளயே போயி ஒட்டிக்கிட்டிருக்கும். இதைப் பாத்துட்டு "யாரோ உடைச்சுட்டாங்க"ன்னு வருத்தப்படுறவங்க நிறைய பேரு, அது உண்மையில சந்தோஷப்பட வேண்டிய ஓடு. காக்கா வந்திருந்தா முட்டையில ஓட்டை குத்தியிருக்கும், பெரும்பாலும் தூக்கிட்டுப் போயி வேலிக்கம்பம், பாறை, வெட்டவெளின்னு வேற இடத்துல வெச்சு சாப்பிட்டிருக்கும். ஸ்கங்க் மாதிரி சின்ன மிருகங்கள் கூட்டுக்குள்ளயும் சுத்தியும் நொறுங்கின ஓட்டை விட்டுட்டுப் போகும். நரி முட்டையை வாயில கவ்வி எடுத்துட்டுப் போயி வேற இடத்துல புதைச்சும் வைக்கும், அதனால கூட்டுல ஒண்ணும் மிஞ்சாது. பாம்பு முழுசா விழுங்கிடும், கூடு கலையாம அப்படியே இருக்கும், முட்டை மட்டும் இருக்காது. தாய்ப்பறவையும் செத்திருந்தா இறகைப் பாருங்க, இறகுத் தண்டு கடிச்சுத் துண்டான மாதிரி இருந்தா மிருகம், முழுசா பிடுங்கிப் போட்டிருந்தா பருந்து வகை.

ஆனா இதை வெச்சு மட்டும் தீர்ப்பு சொல்லிடாதீங்க. ஒரே மிருகம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சாப்பிடும், ஒருத்தன் உடைச்சுட்டுப் போன கூட்டுக்கு ராத்திரி இன்னொருத்தன் வந்து மிச்சத்தை நக்கிட்டு அவன் தடயத்தை விட்டுட்டுப் போவான். ட்ரெயில் கேமரா, அதாவது முன்னாடி ஏதாவது அசைஞ்சா தானா படம் எடுக்கிற கேமராதான் நம்பகமான வழி. அதுக்காக கூட்டைத் தேடிப் போயி கேமரா கட்டாதீங்க. நாம நடந்து போற தடத்துல புல் மடியும், நம்ம வாசனை நிக்கும், காக்கா மரத்துல உக்காந்துக்கிட்டு நாம எங்க குனியறோம்னு பாத்துக்கிட்டே இருக்கும். கூட்டுக்குப் பதிலா நிலத்துல மிருகங்க போற வர வழியில, வேலி ஓரம், வாய்க்கால் கரை, வண்டித்தடம் சந்திக்கிற இடம்னு கேமராவைக் கட்டுங்க, கூடு கட்டுற சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடியே கட்டிடுங்க. யாரு எத்தனை தடவை வர்றாங்கன்னு தெரிஞ்சா போதும். தற்செயலா ஒரு கூடு கண்ணுல பட்டுட்டா நிக்காம, குனியாம, அதே வேகத்துல தாண்டிப் போயிடுங்க, வந்த வழியிலயே திரும்பாதீங்க, செடியை விலக்கிப் பாக்கவே கூடாது.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம், புல் தூறு. பாப்வைட் கூட்டைக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா? போன வருஷத்துக் காஞ்ச புல் ஒரு தூறா நிக்கும், அதோட அடியில கை அகலத்துக்கு ஒரு குழி, பக்கத்துல இருக்கிற தாளை எல்லாம் இழுத்து வளைச்சு மேல கூரை மாதிரி மூடியிருக்கும், ஒரு பக்கம் மட்டும் சின்ன வாசல், அதுக்குள்ள பறவை உக்காந்திருந்தா ரெண்டடி தூரத்துல நின்னாக்கூட நமக்கு காஞ்ச புல் மட்டும்தான் தெரியும். இந்தக் கூரை கட்டணும்னா பழைய புல் வேணும். இந்த வருஷம் முளைச்ச பச்சைப்புல் தாங்காது, மாடு கடிச்சு மொட்டையாக்கின தூறுலயும் கட்ட முடியாது.

அந்தத் தூறு எத்தனை இருக்குங்கிறதுலதான் விஷயமே இருக்கு. மொத்த நிலத்துல நாலே நாலு நல்ல தூறு இருந்தா நரி நாலையும் எட்டிப் பாத்துட்டுப் போயிடும், நாலே புதர் இருக்கிற இடத்துல கண்ணாமூச்சி ஆடின கதைதான். நூத்துக்கணக்குல இருந்தா பாக்குற இடமெல்லாம் காலி, கொஞ்ச நேரத்துல அதுக்கே சலிச்சுப்போயி எலி பிடிக்கப் போயிடும். காடைக்கு வேலை செய்யறவங்க வெச்சிருக்கிற அளவு, ஏக்கருக்குக் குறைஞ்சது 250, 300 தூறு, ஒவ்வொண்ணும் ஒரு கூடைப்பந்து அளவு. ஏக்கர் முழுக்க எண்ண வேண்டாம், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி அதுக்குள்ள எண்ணுங்க, 6 இல்ல 7 தூறு இருந்தா அளவு சரியா இருக்குன்னு அர்த்தம். ஒரே இடத்துல எண்ணிட்டு முடிவு பண்ணாம நாலஞ்சு இடத்துல எண்ணுங்க, நல்லா இருக்கிற மூலையில மட்டும் போயி எண்ணறது மனுஷ சுபாவம். இன்னொரு எளிய டெஸ்ட், ஒரு சாஃப்ட்பால் சைஸ் பந்தை (கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் பெருசு) முன்னாடி தூக்கிப் போடுங்க, போட்ட இடத்துல நின்னுக்கிட்டே பாத்தா பந்து தெரியுதா இல்லையா? பெரும்பாலான தடவை தெரியுதுன்னா காடையும் தெரியும்.

அதுக்காக நிலத்தை அப்படியே விட்டுடவும் கூடாது. பல வருஷம் கைவைக்காம விட்டா புல் படிஞ்சு மெத்தை மாதிரி ஆயிடும், பெருவிரல் சைஸ்ல பிறக்கிற குஞ்சு அதுக்குள்ள நடக்கவே முடியாது. தூறுக்கு நடுவுல வெறும் மண்ணு தெரியணும். அதனால நிலத்தை மூணு பங்கா பிரிச்சு வருஷத்துக்கு ஒரு பங்கை மட்டும் எரிக்கிறதோ, உழுது விடுறதோ, அறுக்கிறதோ பண்ணுங்க, எப்பவும் ரெண்டு பங்கு பழைய புல் நிக்கும். அமெரிக்காவுல ஹெர்பர்ட் ஸ்டோடார்ட் 1920கள்ல பாப்வைட்டை ஆராய்ச்சி பண்ணி, அளவா தீ வைக்கிறதை நிறுத்தினா காடை போயிடும்னு சொன்னாரு, அந்தக் காலத்துல காட்டுல தீயே கூடாதுன்னு அரசாங்கம் பிரச்சாரம் பண்ணிக்கிட்டிருந்தது, அவருக்கு நல்ல எதிர்ப்பு. எரிக்கிறதுன்னா அனுமதி, தீத்தடுப்புக் கோடு, பழக்கமான ஆளுங்க எல்லாம் இருந்தா மட்டும்தான், இல்லன்னா உழுறதோட நிறுத்திக்கோங்க.

வடிவமும் முக்கியம். ரெண்டு மூணு மீட்டர் அகலத்துக்கு நீளமா ஒரு பட்டை புல் விட்டா நரிக்கும் கீரிக்கும் அது ரோடு, மூக்கை நீட்டிக்கிட்டு ஒரு முனையில இருந்து மறு முனை வரை நடந்தாலே எல்லாக் கூடும் கிடைச்சிடும். இடம் இருந்தா அகலமான பிளாக்கா விடுங்க. பட்டைதான் முடியும்னா ரெண்டு முனையும் வேலியையோ வரப்பையோ தொடாம கொஞ்சம் இடைவெளி விடுங்க, பிரிட்டன்ல வயல் நடுவுல போடுற வண்டுக் கரைங்க இப்படித்தான் இருக்கும், கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் அகலம், முழங்கால் உயரத்துக்கு மண்ணை மேடாக்கி மேல தூறு கட்டுற புல் விதைப்பாங்க, பூச்சியும் சேரும் பார்ட்ரிட்ஜும் கூடு கட்டும்.

புல்வெளி நடுவுல தனியா நிக்கிற மரம், உபயோகமில்லாத கம்பம் இதெல்லாம் காக்காவுக்குக் காவல் கோபுரம். எல்லா மரத்தையும் வெட்டுங்கன்னு சொல்லல, கூடு கட்டுற பிளாக்குக்கு நட்ட நடுவுல ஒண்ணே ஒண்ணு நிக்குதுன்னா அதைப்பத்தி யோசிங்க. பழைய இரும்புக் குவியல், கைவிட்ட கொட்டகை, மரக்கட்டை அடுக்கு இதுக்கெல்லாம் அடியில ரக்கூன், ஸ்கங்க் மாதிரி ஆளுங்க குட்டி போடும், கூடு பக்கத்துல இருந்தா எடுத்துடுங்க. குப்பை, செத்த கோழி, மீந்த தீவனம் வெளிய கிடக்கக் கூடாது. மானுக்கு மக்காச்சோளம் கொட்டுற ஃபீடர் வெச்சிருக்கிறவங்க, கூடு கட்டுற மாசங்கள்ல அதை மூடிடுங்க, இல்ல தள்ளி வைங்க, அதுக்கு வர்ற ரக்கூன் சுத்துப்பக்கம் எல்லாக் கூட்டையும் ஒரு ரவுண்டு வந்துட்டுத்தான் போகும்.

புல் அறுக்கிறதும் முட்டைக்கு நரி அளவுக்கு எதிரிதான். அடைக்கு உக்காந்த பறவை கடைசி நொடி வரை எழும்பாது, மெஷின் அது மேலயே ஏறிடும். சீசன் முடியற வரை தள்ளிப் போட முடிஞ்சா தள்ளிப் போடுங்க, முடியலன்னா நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா அறுத்துக்கிட்டு வாங்க, வெளியில இருந்து உள்ள போனா பறவையும் குஞ்சும் நடுவுல மாட்டிக்கும், கடைசி ரெண்டு சுத்துல எல்லாம் போயிடும்.

பூனை, நாய் பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. சீசன்ல கட்டி வைங்க, பூனையை வீட்டுக்குள்ள வைங்க, அவ்ளோதான்.

இப்ப பொறி. இங்கிலாந்துல சாலிஸ்பரி சமவெளியில 1985ல இருந்து 1990 வரைக்கும் ஒரு பரிசோதனை பண்ணாங்க, ரெண்டு இடம் எடுத்து ஒண்ணுல நரி, காக்கா, ஸ்டோட் (கீரி மாதிரி ஒரு சின்ன வேட்டை மிருகம்) இதையெல்லாம் கட்டுப்படுத்தினாங்க, இன்னொண்ணுல விட்டுட்டாங்க, மூணு வருஷம் கழிச்சு இடத்தை மாத்தினாங்க. கட்டுப்படுத்தின இடத்துல கிரே பார்ட்ரிட்ஜ் மூணு வருஷத்துல இலையுதிர் காலக் கணக்குல மூணரை மடங்கு, அடுத்த வருஷம் கூடு கட்டுற ஜோடிங்க கணக்குல 2.6 மடங்கு அதிகம். இங்கிலாந்தோட வடக்குல ஆட்டர்பர்ன்ல 2000ல இருந்து 2008 வரை இதே மாதிரி பண்ணப்ப, சிவப்பு க்ரௌஸ், ஆள்காட்டி வகை, கர்லூன்னு அங்க இருக்கிற தரைக்கூட்டுப் பறவைங்க எல்லாத்துலயும் குஞ்சு எடுக்கிற வெற்றி சராசரியா மூணு மடங்கு ஏறிச்சு. ஆக, வேலை செய்யுது. ஆனா இதையெல்லாம் செஞ்சது முழுநேரமா அதே வேலையா இருக்கிற ஆளுங்க, பெரிய பரப்புல. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து ரெண்டு பொறி பாத்துட்டுப் போறவங்களுக்கு இந்த ரிசல்ட் வராது, காலியான இடத்துக்கு பக்கத்து நிலத்துல இருந்து புது நரி கொஞ்ச நாள்லயே வந்துடும்.

அதனால நேரம்தான் எல்லாம். வருஷம் பூரா பிடிக்கிறது வீண், பறவை முட்டை போட ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்ச வாரம் முன்னாடி தொடங்கி குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் மட்டும் இறுக்கிப் பிடிங்க. பக்கத்து நிலக்காரங்களையும் சேத்துக்கோங்க. காக்காவுக்கும், காக்கா இனத்தைச் சேர்ந்த மேக்பைக்கும் லார்சன் பொறின்னு ஒண்ணு இருக்கு, ஒரு அறையில உயிரோட ஒரு காக்கா, பக்கத்து அறையில தானா மூடுற கதவு. வசந்தத்துல தன் எல்லைக்குள்ள புதுசா ஒருத்தன் வந்துட்டான்னு அந்த இடத்து ஜோடி சண்டைக்கு வரும், மாட்டிக்கும். உள்ள இருக்கிற காக்காவுக்குத் தீனி, தண்ணி, நிழல், உக்கார கம்பு எல்லாம் இருக்கணும், தினம் போயிப் பாக்கணும், பாக்க முடியாதுன்னா வைக்கவே வைக்காதீங்க. இந்தப் பொறி சில நாடுகள்ல லைசென்ஸோட மட்டும் அனுமதி, சில இடத்துல தடை. எந்த மிருகத்தைத் தொடலாம், எந்தப் பொறி வைக்கலாம்ங்கிறதை உங்க பகுதி வனத்துறைகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்புறம் கையை வைங்க, பல இடத்துல நரி, கீரி, பாம்பு எல்லாமே சட்டப் பாதுகாப்புல இருக்கு. விஷம் வைக்கிற பேச்சே வேண்டாம், அது பருந்துல இருந்து நாய் வரைக்கும் போகும்.

யாரைப் பிடிக்கக்கூடாதுன்னும் யோசிங்க. அமெரிக்காவுல வடக்கு, தெற்கு டகோட்டாவுல பாத்தாங்க, கொயோட்டி (ஓநாய் மாதிரி, ஆனா அதை விடச் சின்னது) ஆதிக்கம் இருக்கிற இடத்துல வாத்துக் கூடு 32 சதவீதம் பொரிச்சுது, செந்நரி ஆதிக்கம் இருந்த இடத்துல 17 சதவீதம்தான். கொயோட்டி நரியை விரட்டிடும், அதுக்குப் பெரிய எல்லை, எண்ணிக்கை கம்மி, வாத்து முட்டையை நரி அளவுக்குத் தேடிப்போயி திங்காது. அங்க போயி கொயோட்டியைக் காலி பண்ணா நரிக்குக் கதவைத் திறந்து விட்ட கணக்கு. கேமராவுல பெரிய மிருகம் வந்ததும் அதுதான் வில்லன்னு முடிவு பண்றவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

சரி, பிடிக்கவே முடியாது, அந்த மிருகமும் பாதுகாக்கப்பட்டதுன்னா என்ன பண்றது? ஸ்காட்லாந்துல கேப்பர்கெய்லினு பெரிய காட்டுக்கோழி, 2021-22 கணக்கெடுப்புல ஐநூத்துச் சொச்சம்தான் மிச்சம், அதோட முட்டையைத் திங்கிற பைன் மார்ட்டனும் (மரம் ஏறுற, கீரி மாதிரி ஒரு மிருகம்) பாதுகாக்கப்பட்டதுதான். அங்க கூடு சீசன்ல மார்ட்டனுக்கு வேற இடத்துல மான் கறி வெச்சுப் பாத்தாங்க, வயிறு நிறைஞ்சதும் முட்டை தேடுறது நல்லாவே குறைஞ்சுது. இதுக்கும் நான் மேல சொன்ன மான் ஃபீடருக்கும் முரண்பாடு மாதிரி தெரியும். வித்தியாசம் என்னன்னா, இது யாரு முட்டையைத் திங்கிறாங்கன்னு தெரிஞ்சு, அவங்களுக்குன்னு யோசிச்சு, அந்தச் சில வாரம் மட்டும் வைக்கிறது. நியூசிலாந்துல இன்னொரு வேடிக்கையான வழி பண்ணாங்க, கரைப் பறவைங்க கூடு கட்ட வர்றதுக்குச் சில வாரம் முன்னாடியே பறவை வாசனையை அங்கங்க தடவி விட்டாங்க, பூனையும், கீரி மாதிரி இருக்கிற ஃபெரெட்டும் வாசனையைப் பிடிச்சுக்கிட்டு போயிப் போயி ஒண்ணும் கிடைக்காம அந்த வாசனையே பொய்னு பழகிடுச்சு, நிஜப் பறவை வந்தப்ப பெருசா கண்டுக்கல. வீட்டுல நாமளா செஞ்சு பாக்குற விஷயம் இல்ல இது, ஆனா யோசனை அருமை.

வாத்துக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு, மல்லார்டுக்கு தண்ணிக்கு மேலயே கூடு செஞ்சு குடுக்கலாம். கம்பி வலையை மூணடி நீளத்துக்கு, ஓரடி குறுக்களவுல குழாயா சுருட்டி, ரெண்டு சுத்து வலைக்கு நடுவுல வைக்கோலை இறுக்கித் திணிச்சு, உள்ளயும் மெத்தென்னு போட்டு, ஒரு கம்பத்துல மாட்டி, முழங்கால் ஆழத் தண்ணியில நடுங்க. கம்பத்துல ரக்கூன் ஏறாம இருக்க கரையில இருந்து தள்ளி இருக்கணும், வருஷா வருஷம் பறவை வர்றதுக்கு முன்னாடி வைக்கோலை மாத்தணும், மாத்தலன்னா அது வெறும் கம்பித் துண்டு. காடைக்கோ பார்ட்ரிட்ஜுக்கோ இப்படி எதுவும் கிடையாது. கூட்டைச் சுத்தி கூண்டு போடுறது கடற்கரைப் பறவைங்களுக்குப் பண்றாங்க, காடைக்குப் பண்ணாதீங்க, கூட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுலயே பாதி ஆபத்து. நிலத்துல ஒரு பகுதி முழுசையும் சீசனுக்கு மட்டும் மின்வேலி போட்டு அடைக்கிறது நரிக்கும் பேட்ஜருக்கும் எதிரா பலன் தரும், ஆனா புல் வளந்து கம்பியைத் தொட்டா கரண்ட் இறங்கிடும், வாராவாரம் அடியில வெட்டி விடணும்.

முட்டை பொரிச்ச உடனே வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. மொத ரெண்டு வாரம் குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடு. டிக் பாட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1968ல இருந்து இங்கிலாந்துல சசெக்ஸ்ல பார்ட்ரிட்ஜையும் வயல் பூச்சியையும் சேத்து எண்ணினதுல தெரிஞ்சது, களைக்கொல்லி அடிச்ச வயல்ல பூச்சி இல்லாம குஞ்சு செத்துப்போகுதுன்னு. பூச்சி கம்மியா இருந்தா குஞ்சு தேடி ரொம்ப தூரம் அலையணும், அலையறப்ப இன்னும் நிறைய கண்ணுல படும். வயல் ஓரத்துல ஆறு மீட்டர் அளவுக்காவது மருந்து அடிக்காம விட்டா கூட நல்ல வித்தியாசம் இருக்கும்.

பலன் இருக்கான்னு பாக்க கூட்டை எண்ணாதீங்க. வசந்தத்துல விடியற நேரம் ஒரே இடத்துல நின்னு கூவுற ஆணை எண்ணுங்க, அறுவடை முடிஞ்சதும் காலையிலயும் சாயங்காலமும் வெட்டின வயல் ஓரமா வண்டியில மெதுவா போயி எத்தனை தாய், கூட எத்தனை குஞ்சுன்னு எழுதிக்கோங்க. தாயே குஞ்சில்லாம தனியா நிறைய தெரிஞ்சா கூட்டுலயே போயிடுச்சுன்னு அர்த்தம், அடுத்த வருஷம் தூறையும் பொறியையும் பாருங்க. தாய் கூட குஞ்சு இருக்கு ஆனா ரெண்டு மூணுதான்னா முட்டை பொரிச்சிருக்கு, குஞ்சுதான் பட்டினியில போயிருக்கு, அப்ப பொறிக்குச் செலவு பண்றதை நிறுத்திட்டு மருந்து அடிக்கிறவர்கிட்ட போயிப் பேசுங்க.